புளிப்பின் பதம்

மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையில் விடியற்காலையில் நடந்து, கூறு கட்டி வைத்திருக்கும் மாங்காயையும் அரநெல்லியையும் களாக்காயையும் கண்ணாலேயே எடை போட்டு, அவற்றுள் அன்றைக்கு வாய்த்த ஒன்றை வாங்கி வந்து அடுப்பிலேற்றி மிட்டாயாக்குவதே பதினோரு வருஷங்களாக என் ஜீவனோபாயம். கடைக்காரர்கள் ஜெல்லி மிட்டாய் என்றும் பிள்ளைகள் கம்மி என்றும் அழைக்கும் இந்தப் பண்டத்துக்கு நல்ல தமிழ்ப் பெயர் ஒன்று சூட்டிவிட வேண்டும் என்று ஆரம்பத்தில் எனக்கும் ஆசையிருந்தது. பதமே பிடிபடாத நிலையில் பெயர் எதற்கு என்று விட்டுவிட்டேன்.

ஜெர்மனியின் பான் நகரில் 1920-இல் ஹரிபோவைத் தொடங்கிய ஹான்ஸ் ரீகல், 1922-இல் கரடி உருவில் வார்த்த மிட்டாயிலிருந்து பெருகியது இந்த வம்சம். அந்த வம்சத்துப் பண்டங்களை இன்று இறுக்கிப் பிடித்திருப்பது பெரும்பாலும் மிருகங்களின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் காய்ச்சியெடுக்கும் ஜெலட்டின். அதன் சுபாவமோ உடம்புச் சூட்டுக்கே உருகிவிடுவது. கத்திரி வெயிலில் அது தாம்பரத்துக்கு ஒவ்வாது என்பது ஒருபுறமிருக்க, என் வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் சைவம். ஆகவே, எலுமிச்சை இனப் பழங்களின் தோலிலும் ஆப்பிள் சக்கையிலும் கிடைக்கும் பெக்டினை நாடினேன். வீட்டில் செய்யும் கொய்யாப்பழ ஜெல்லியை உறையச் செய்வதும் இதே வஸ்துதான்.

ஜெலட்டினுக்குப் புளிப்பு சத்துரு. அமிலத்தோடு கூட்டிக் கொதிக்க வைத்தால் அதன் பலம் சிதைந்துபோகும். பெக்டினுக்கோ புளிப்பே பிராணன். பாகில் சர்க்கரை 100-க்கு 55 பங்குக்குக் குறையாமல் இருந்து, அதன்மேல் புளிப்பும் வந்து சேர்ந்தாலொழிய அது உறையவே உறையாது. பெக்டின் பொடியைச் சர்க்கரையோடு உலர்வாகக் கலந்து, தண்ணீரில் கட்டி தட்டாமல் தூவி, கொதி வந்தபின் மிச்சச் சர்க்கரையையும் குளுக்கோஸ் பாகையும் தவணை தவணையாகச் சேர்த்து, வெப்பமானி 107 டிகிரி காட்டும்வரை கிளறி, இறக்கிய பிறகே கெட்டியாகக் கரைத்த புளியையோ எலுமிச்சை உப்பு எனப்படும் சிட்ரிக் அமிலத்தையோ அதில் விட வேண்டும். விட்டபின் அச்சில் ஊற்றி முடிக்கச் சில நிமிஷங்களே அவகாசம். முதல் வருஷத்தில் ஒருநாள், அவசர புத்தியால் புளிப்பை ஆரம்பத்திலேயே கொட்டிவிட்டேன். பாத்திரத்திலேயே உறைந்து, கரண்டி பட்டால் ரவை ரவையாக உதிரும் பிண்டம் ஒன்றுதான் மிஞ்சியது. என் தாயார் அதற்கு ஜாம் என்று நாமகரணம் செய்து, ஒரு வாரம் சப்பாத்தியோடு பரிமாறித் தீர்த்து வைத்தார்.

புளிப்பு என்பது ஒரே ருசி என்றுதான் ஆரம்பத்தில் நானும் எண்ணியிருந்தேன்; அப்படியில்லை. எலுமிச்சையின் சிட்ரிக் அமிலம் நாவில் பட்டவுடன் பளிச்சென்று எழுந்து அடங்கிவிடும். பச்சை ஆப்பிளின் மாலிக் அமிலம் நிதானமாக வந்து நெடுநேரம் தங்கும். மாங்காயில் இவ்விரண்டும் உண்டு. புளியிலுள்ள டார்டாரிக் அமிலமோ, பழம் பழுத்து இனிப்பு ஏறிய பிறகும் குறையாத பிடிவாதம் உடையது. எல்லாவற்றுக்கும் எலுமிச்சை உப்பையே போட்டு, நிறத்தையும் வாசனையையும் மட்டும் மாற்றி, இது மாங்காய், இது புளி என்று விற்பதை நான் தொழில் என்று ஒப்புக்கொள்வதில்லை.

மெக்ஸிகோவில் புளியை உப்போடும் மிளகாயோடும் சர்க்கரையோடும் பிசைந்து மிட்டாயாக விற்கிறார்கள் என்று அறிந்தபோது, பள்ளி நாட்களில் மின்சார ரயிலில் வாங்கித் தின்ற இலந்தை வடை என் நினைவுக்கு வந்தது. இலந்தைப்பழத்தை நீக்கிவிட்டால் அதிலும் புளி, உப்பு, மிளகாய், வெல்லம். மிளகாய் அந்தப் பக்கத்திலிருந்து இங்கே வந்தது. ஆப்பிரிக்காவில் தோன்றி, அரேபியர் வாயில் இந்தியப் பேரீச்சை என்று பெயர் பெற்ற புளி, இந்தப் பக்கத்திலிருந்து அங்கே போயிற்று. கொடுக்காப்புளியும் மெக்ஸிகோ தேசத்து மரமே. பெயரை நம்பி அதில் புளிப்பு மிட்டாய் செய்யப் புகுந்து ஏமாந்தேன், அதில் இருப்பது இனிப்பும் துவர்ப்பும்தான். உலகத்துப் பழங்களிலெல்லாம் மிட்டாய் வேண்டும் என்று கேட்போருக்கு, நான் சண்முகம் சாலையைத் தாண்டிப் போகாமலே பதில் வைத்திருக்கிறேன்.

புளிப்பு மிட்டாயின் மேல் சர்க்கரையோடு சிட்ரிக் அமிலத்தைக் கலந்து தூவுவது உலக வழக்கம்; அந்தத் தூள் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பதை ஐப்பசி மாதம் எனக்குக் கற்பித்தது. ஒரு தீபாவளிக்கு அனுப்பிய நாற்பது டப்பாக்களும், மிட்டாய் வியர்த்து, ஒன்றோடொன்று ஒட்டி, பாகில் மிதந்தபடி திரும்பி வந்தன. அதுமுதல் மழைக்காலத்தில் புளிப்பை உள்ளே மட்டும் வைத்து, அச்சிலிருந்து எடுத்ததை ஒரு பகலும் இரவும் உலர்த்தி, வெறும் சர்க்கரையில் புரட்டுகிறேன்.

வாங்கிச் செல்வோருக்கு ஒரு விண்ணப்பம்: தயவுசெய்து இதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்காதீர்கள், வெளியே எடுத்த மாத்திரத்தில் வியர்த்துவிடும். இறுக மூடிய டப்பாவில், அடுப்பங்கரையின் வெயில் படாத அலமாரியில் இருந்தால் போதும்.