நந்தினிக்கு யார் வக்கீல்?

திருவண்ணாமலையில் எந்தக் காரியத்துக்கும் நாள் குறிக்குமுன் பௌர்ணமி என்றைக்கு என்று பார்த்துவிட வேண்டும். கிரிவலக் கூட்டத்தில் பஸ்கூட ஊருக்கு வெளியிலேயே நின்றுவிடும். எங்கள் நூலக வாசகர் வட்டமும் அதற்குக் கட்டுப்பட்டதுதான். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, மத்தியானம் மூன்று மணி. பத்துப் பன்னிரண்டு பெண்கள் வருவோம். இடுப்பில் குழந்தையோடு வருபவர்களும் உண்டு.

இந்த வருஷம் எடுத்துக்கொண்டது கல்கியின் 'பொன்னியின் செல்வன்'. "அதான் சினிமாவாவே வந்துடுச்சே, இன்னும் எதுக்குப் படிக்கணும்?" என்று வீட்டில் கேட்டார்கள். 2022-லும் 2023-லும் வந்த படங்களை நாங்களும்தான் பார்த்தோம். ஆனால் 1950 முதல் 1954 வரை, மூன்றரை வருஷம், வாராவாரம் அந்தக் கதைக்காகக் காத்திருந்து, பக்கங்களைப் பிரித்தெடுத்து பைண்டு செய்து வைத்தார்களே, அந்த ருசி வேறு. என் மாமியாரிடம் அவருடைய அம்மா சேர்த்த அப்படி ஒரு பைண்டு இருக்கிறது, மணியம் வரைந்த படங்களோடு. அது வீட்டு வாசற்படியைத் தாண்டியதே இல்லை. கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகும் அத்தைக்குப் பொடி எழுத்து பிடிபடவில்லை. சமையல் வேலை ஒழிந்ததும் நான் உரக்கப் படிப்பேன், அவர் கேட்பார். வட்டத்துக்கு வராமலே அவரும் ஓர் உறுப்பினர்.

கல்கியைப் பற்றியும் பேசினோம். ஒத்துழையாமை இயக்கத்துக்காகப் பள்ளிப் படிப்பை விட்டுச் சிறை சென்றவர். 1941-ல் 'கல்கி' பத்திரிகையைத் தொடங்கினார். இந்தத் தொடர் முடிந்த அதே வருஷம், 1954 டிசம்பர் 5-ம் தேதி காலமானார். வயது 55 தான்.

பேச்சு கதாபாத்திரங்களுக்கு வந்ததும்தான் களை கட்டியது. கைக்குழந்தைக்கு வானதி என்று பெயர் வைத்த பெண் ஒருத்தி இருக்கிறாள். "எப்பப் பாரு மயங்கி விழறவ பேரா கெடச்சுது உனக்கு?" என்று கேலி செய்தோம். "எங்க வானதி மயங்க மாட்டா, நம்மளத்தான் மயங்க வைப்பா. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் தூக்கம் கெடையாது" என்றாள் அவள்.

நந்தினி விஷயத்தில் சபை இரண்டாகப் பிரிந்தது. பழி வாங்கக் கிழவரைக் கட்டிக்கொண்ட பாவி என்றார்கள் சிலர். கண்ணெதிரே வீரபாண்டியன் தலையை வெட்டினால் எந்தப் பெண் சும்மா இருப்பாள் என்றார்கள் மற்றவர்கள். தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அக்கா கையை உயர்த்தினார். "நந்தினிங்கறது கல்கி படைச்ச பொம்பளை. கல்வெட்டுல கெடையவே கெடையாது. குந்தவை உண்டு. தஞ்சைப் பெரிய கோயில்ல ராஜராஜன், தான் குடுத்ததைச் சொன்ன கையோட அக்கா குடுத்ததைச் சொல்றான். தஞ்சாவூர்ல அப்பா பேர்ல இருந்த வைத்தியசாலைக்கு அந்தம்மா நிலம் எழுதி வச்சிருக்காங்க."

அப்படியானால் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்? கல்கி அதைப் பூடகமாகவே விட்டுவிட்டார். கதை தொடங்குகிற வீராணம் ஏரிக்குப் பக்கத்திலேயே, காட்டுமன்னார்கோயில் உடையார்குடியில், அனந்தீசுவரர் கோயில் கல்வெட்டு சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் என்று பெயர் சொல்கிறது. ராஜராஜனின் 2-ம் ஆட்சியாண்டு, அதாவது 987 வாக்கில் வெட்டியது. தண்டனை அவர்களோடு நிற்கவில்லை. பிள்ளைகள், மனைவிமார், உடன்பிறந்த பெண்களைக் கட்டியவர்கள், பெற்ற மக்களைக் கட்டியவர்கள் என்று உறவு முழுக்கச் சொத்து பறிமுதல்.

படித்துக் காட்டிவிட்டு அக்கா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். கதையில் பழியைச் சுமக்க ஒரு பெண்ணை உண்டாக்கினார்கள். கல்லிலோ ஆண்கள் பெயர்தான், ஆனால் சொத்தை இழந்தது பெண்களும்தான். எனக்கு இது சாதாரணமாகப் படவில்லை.

அப்போது, நான்கு கூட்டமாக வாயே திறக்காமல் மூலையில் உட்கார்ந்திருந்த ஒரு சின்னப் பெண் பேசினாள். "அந்தப் பொண்டாட்டிங்க என்ன பண்ணாங்க அக்கா? எங்க வீட்டுலயும் அப்படித்தான். சீட்டுப் பணத்துல கை வச்சது இவரோட அண்ணன். போனது என் நகை. தாலிக்கொடி வரைக்கும்." ஒருவரும் ஆறுதல் சொல்லக் கிளம்பவில்லை, நல்லவேளை. பக்கத்தில் இருந்தவள் வானதியைத் தூக்கி அவள் மடியில் வைத்தாள். பிறகு அவள்தான் அதிகம் பேசினாள். நந்தினிக்கு அன்றைக்கு வக்கீல் அவள்தான். நூலகம் மூடும் மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.

ராத்திரி அத்தைக்கு எல்லாவற்றையும் சொன்னேன். காலை நீவிக்கொண்டே கேட்டார்.

"அந்தப் பொண்ணு எந்தப் பாகம் படிக்குறா?"

"முதல் பாகம்தான் முடிச்சிருக்கா அத்தை. நூலகத்துல இருந்த ரெண்டாம் பாகத்தை வேற யாரோ எடுத்துட்டுப் போயிட்டாங்க."

கொஞ்ச நேரம் சும்மா இருந்தார்.

"அலமாரியில பைண்டு இருக்கில்ல, அதுல ரெண்டாவதை எடு. ஒரு துணியில சுத்தி அவகிட்ட குடுத்துடு. எண்ணெய்க் கையோட தொட வேணாம்னு மட்டும் சொல்லு."