வாவிக் கரையில் எழுந்த ஒரு வினா

மட்டுநகரிலிருந்து கல்முனை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையிலே களுவாஞ்சிகுடி, ஓந்தாச்சிமடம், கோட்டைக்கல்லாறு ஆகிய ஊர்களைக் கடந்தால் பெரியகல்லாறு நம்மை வரவேற்கின்றது. கிழக்கே கடல், மேற்கே வாவி. எழுவான்கரை ஊர்களுக்கே உரிய இவ்வமைப்பு இங்கே மிக நெருக்கமாகத் தோன்றுகின்றது. அலையோசை செவியை விட்டு நீங்குமுன்னரே வாவியின் அமைதி நம்மை ஆட்கொண்டு விடுகின்றது.

வெயில் தாழ்ந்த வேளையில் நாம் வாவிக் கரையில் அமர்ந்திருந்தபோது, உடன் வந்த நண்பர்களிடையே ஒரு விவாதம் மூண்டது. றொக் அன் றோல் இசை தோன்றிய காலத்திலே கிற்றார் வாசித்தோருள் தலைசிறந்தவர் யார் என்பதே வினா.

"இதில் ஐயம் எதற்கு? சக் பெரியேதான்" என்றார் ஒருவர். 1958இல் வெளிவந்த 'ஜொனி பி. குட்' பாடலின் தொடக்க இசையைப் பயில விரும்பாத கிற்றார் மாணவர் அரியர். 1977இல் வொயேஜர் விண்கலங்களில் ஏற்றி அனுப்பப்பட்ட பொற்றட்டிலும் அப்பாடல் இடம்பெற்றது.

மற்றொருவர் ஸ்கொட்டி மூரை முன்னிறுத்தினார். 1954 ஜூலையில் மெம்பிஸ் நகரின் சன் ஒலிப்பதிவுக் கூடத்தில் எல்விஸ் பிறெஸ்லி பாடிய பாடலில் மேளமே இல்லை. மூரின் கிற்றாரும் பில் பிளாக்கின் பேஸ் வாத்தியமும் அக்குறை தோன்றாவண்ணம் தாளத்தைத் தாங்கின. மூன்றாமவரோ, இவர்களுக்கு முன்னரே 1940களில் தேவாலயப் பாடல்களுக்கு மின்கிற்றார் வாசித்த றொசெட்டா தார்ப் அம்மையாரை மறக்கலாமா என்று கேட்டார். அவ்வம்மையாருக்கு றொக் அன் றோல் புகழ் மண்டபத்தில் இடம் கிடைத்தது 2018இலேதான்.

விரலின் விரைவே பெருமைக்கு அளவுகோலாயின் இவ்விவாதம் முடிவுறாது. பின்வருவோருக்கு வழி திறந்துவிட்டவரே பெரியவர் என்று கொண்டாலோ, நாம் அமெரிக்காவரை செல்ல வேண்டியதில்லை.

நம் காலடியில் அலம்பிய இதே வாவிதான் வடக்கே புளியந்தீவுக் கோட்டையையும் சூழ்ந்து நிற்கின்றது. 1628இல் போர்த்துக்கீசர் அங்கே கோட்டை கட்டினர். பத்தாண்டுகளில் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். ஆட்சி போயிற்று, மொழியும் இசையும் போகவில்லை. அவற்றைக் காத்து வந்தோர் மட்டுநகரில் வாழும் போர்த்துக்கீசப் பறங்கியர். அவர்தம் திருமண வீடுகளிலே வயலின், கிற்றார், றபான் ஆகியன ஒலிக்கக் கபிறிஞ்ஞா ஆட்டம் நடைபெறும். இம்மரபின் வழிவந்ததே நாடெங்கும் பரவிய பைலா. 1960களின் பிற்பகுதியில் நித்தி கனகரத்தினம் 'சின்ன மாமியே' பாடலால் ஈழத்துத் தமிழ்ப் பொப்பிசைக்கு வழி திறந்தபோதும், பின்னர் ஏ. ஈ. மனோகரன் பாடிப் புகழ்பெற்றபோதும், அப்பாடல்களில் பைலாவின் துள்ளல் நடை கேட்டது. அந்நடையைத் தலைமுறைதோறும் காத்த வாத்தியக்காரர் பெரும்பாலோரின் பெயர் எந்த இசைத்தட்டிலும் இல்லை.

2004 டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை பெரியகல்லாற்றையும் தாக்கியது. மட்டுநகரின் டச்பார் பகுதியில் வாழ்ந்த பறங்கியர் குடும்பங்கள் பலவற்றையும் சிதைத்தது. அதற்கு முன்னும் பின்னும் பலர் அவுஸ்திரேலியா சென்று குடியேறினர். போர்த்துக்கீச மொழியை வீட்டில் பேசுவோர் தொகை குறைந்து வருகின்றது. மொழி தேயுமிடத்து அதனோடு பிறந்த பாட்டும் தேயாதிருக்குமோ?

ஆதலின் கிற்றார் பயிலும் நம் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. சக் பெரியைக் கேளுங்கள். மூரையும் தார்ப் அம்மையாரையும் கேளுங்கள். அத்துடன் ஒருநாள் மட்டுநகர் சென்று, கபிறிஞ்ஞா வாசிக்கும் முதியவர் ஒருவரிடம் பணிவுடன் அமர்ந்து அவர் விரல் செல்லும் வழியைப் பாருங்கள். அமெரிக்கரின் வாசிப்பை இசைத்தட்டுகள் காத்துக்கொள்ளும். இம்முதியவரின் வாசிப்பைக் காப்பதற்கு உங்கள் விரல்கள் வேண்டும்.