வாவியில மூன்று நாள்

மூன்று பேர், ஒரு தோணி. கிட்டங்கியில் இறங்கி வடக்கே பாலமீன்மடு வரை. மட்டக்களப்பு வாவி கிட்டத்தட்ட 56 கிலோமீற்றர் நீளம், ஏறாவூர்ப் பக்கத்தை விட்டுவிட்டோம். போன் வரைபடத்தில் விரலால் இழுத்தால் சுகமாத்தான் இருக்கு.

ஆசை வந்தது கனடாவில் இருக்கிற மச்சான் அனுப்பிய வீடியோவில். நாலு நாள் சவள் வலிக்கிறாங்கள், ஒரு மனுசர் இல்ல. எங்கட வாவியில அது நடக்காது. வலைக் கம்பு, துறை, உடுப்புத் தோய்க்கிற ஆக்கள், கோயில் ஸ்பீக்கர். குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் நடுவில 'பாதை' மோட்டார்சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு போகும். மண்முனையில் 2014இல் பாலம் வந்தபிறகு அங்க பாதை இல்ல.

மாரியில் வெள்ளம். கச்சான் எழும்பினால் பகலில் அலை. ஆகவே பங்குனி. தண்ணி உப்பு, ஆளுக்கு நாளைக்கு நாலு லீற்றர் என்றால் 36 லீற்றர் சுமக்க வேணும். கண்டல் கரையில் படுக்கக்கூடாது, முதலை இருக்கு. முதல் இரவு மண்டூர், இரண்டாவது மண்முனை. மூன்றாம் இரவு பௌர்ணமி, கல்லடிப் பாலத்தடியில் சவளைத் தண்ணியில் விட்டுக் காதை வைத்து மீன் பாடுறதைக் கேட்பது.

தோணி பெரியப்பாட. கொப்பியைக் காட்டினேன். மூன்றாம் இரவில் விரலை வைத்தார்.

"ராவில தண்ணியில நிக்கிறதா? வேணாம் மனே."

போர்க்காலத்தில் பெரும்பாலும் படுவான்கரை புலிகளிட்ட, எழுவான்கரை ஆமியிட்ட. நடுவில வாவி. அவர் அந்த நேரம் ஆக்களை ஏற்றி இறக்கினவர். யாரை, எத்தனை தரம் என்று ஒருநாளும் சொன்னதில்ல. நானும் கேட்டதில்ல. இப்பவும் பொழுதுபட முன்னமே தோணியைக் கட்டிவிடுவார். முதுமை என்றுதான் நான் நினைச்சிருந்தன்.

"இப்ப ஆர் பெரியப்பா சுடப்போறான்?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

அவர் ஒண்டும் சொல்லல்ல. பின்னேரம் வலையைத் தைத்துக்கொண்டே கூப்பிட்டார்.

"நானும் வாறன். ரெண்டு லாம்பு கொண்டு வாங்க. முன்னுக்கு ஒண்டு, பின்னுக்கு ஒண்டு. தூரத்தில நிக்கிறவனுக்கு நாம ஆர் எண்டு தெரியணும்."

நாலு பேராகிவிட்டோம். தண்ணி 48 லீற்றர். அந்தத் தோணி தாங்குமா என்று நாளைக்குப் பார்க்க வேணும்.