கம்பெனி கார்: ஒரு கீழப்பழுவூர்க் கணக்கு

"ஆபீஸில் கார் கொடுத்திருக்கிறார்கள்" என்று யாராவது சொன்னால், நம்மூரில் அடுத்த கேள்வி "டிரைவரும் உண்டா?" என்பதுதான். என்ன வண்டி, டீசலா பெட்ரோலா, கியர் உண்டா இல்லையா என்பதெல்லாம் அதற்கு அப்புறம். கார் என்றாலே அது ஓட்டுவதற்கு அல்ல, உட்கார்ந்து போவதற்கு என்பது பழுவேட்டரையர் காலத்திலிருந்தே இந்தப் பக்கத்துப் பழக்கம் போலிருக்கிறது. பொன்னியின் செல்வன் படித்தவர்களுக்கு அந்த மூடுபல்லக்கு ஞாபகம் இருக்கும். பல்லக்கைத் தூக்குகிறவர்கள் யார், அவர்களுக்கு என்ன கூலி என்று யாரும் கேட்டதில்லை!

சரி, விஷயத்துக்கு வருவோம்.

கீழப்பழுவூர் ஒரு கூட்டு ரோடு. திருச்சியிலிருந்து சிதம்பரம் போகும் தேசிய நெடுஞ்சாலையும், அரியலூரிலிருந்து திருமானூர் வழியாகத் தஞ்சாவூர் போகும் சாலையும் இங்கே சந்திக்கின்றன. சுற்றிலும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமெண்ட் ஆலைகளும். கல் ஏற்றிய லாரி, சிமெண்ட் ஏற்றிய லாரி, காலியாகத் திரும்பும் லாரி என்று ராத்திரி பகல் பாராமல் ஓடிக்கொண்டே இருக்கும். கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன்னால் இந்தப் பகுதி கடலாக இருந்தது. அதற்குச் சாட்சியாகப் பக்கத்திலேயே வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. அந்தக் கடல்தான் இப்போது வெள்ளைத் தூசியாகக் கார் கண்ணாடியில் படிகிறது.

இந்தப் பக்கத்துக் கம்பெனி ஒன்றில் (பெயர் எதற்கு?) நடுத்தர நிலையில் ஓர் அதிகாரி. வயது 50-ஐ நெருங்குகிறது. 2023-ல் அவருக்கு ஒரு கடிதம் வந்தது. சென்னை ஆபீஸில் ஓய்வு பெற்ற ஒரு பெரிய அதிகாரி ஆறு வருஷம் வைத்திருந்த வெளிநாட்டுக் கம்பெனி வண்டி சும்மா நிற்கிறது. டீசல், ஆட்டோமேட்டிக், எஸ்டேட். "எடுத்துக்கொள்கிறீர்களா, அல்லது கார் அலவன்ஸாக மாதாமாதம் பணமாக வாங்கிக்கொள்கிறீர்களா?" என்று கேட்டிருந்தார்கள்.

அவர் முதலில் கேட்டது, "எஸ்டேட் என்றால் என்ன?" என்றுதான்.

எஸ்டேட் எங்கே போனது?

சாதாரண காரில் கூரை முடிந்து டிக்கி தனியாக நீட்டிக்கொண்டிருக்கும். எஸ்டேட்டில் கூரை கடைசிவரை போகும், பின்னால் ஒரே பெரிய கதவு. சிலர் இதை ஸ்டேஷன் வேகன் என்பார்கள். நம் நாட்டில் 1992-லேயே டாடா இந்தப் பெயரிலேயே "டாடா எஸ்டேட்" என்று ஒரு டீசல் வண்டியை விட்டது. பிறகு மாருதி பலேனோ அல்டுரா, ஸ்கோடா ஆக்டேவியா காம்பி, டாடா இண்டிகோ மரினா எல்லாம் வந்தன. எதுவும் நிலைக்கவில்லை.

"சவ வண்டி மாதிரி இருக்கிறது" என்று சொன்னவர்கள் உண்டு. அது ஒரு காரணம். இன்னொரு காரணம் வரி. 2006 பட்ஜெட்டில் சிறிய கார்களுக்கான கலால் வரியை 24 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைத்தார்கள். சிறிய கார் என்றால் நீளம் 4 மீட்டருக்குள், இன்ஜின் பெட்ரோலானால் 1200 சிசிக்குள், டீசலானால் 1500 சிசிக்குள். உடனே என்ன நடந்தது? கம்பெனிகள் வண்டிகளின் வாலை வெட்ட ஆரம்பித்தன. 2008-ல் வந்த இண்டிகோ சிஎஸ், 2012-ல் குட்டையாகி வந்த ஸ்விஃப்ட் டிசைர் எல்லாம் அப்படித்தான் பிறந்தன. வாலை நீட்டுவதே வேலையாக வைத்திருக்கும் எஸ்டேட்டுக்கு அந்தச் சந்தையில் இடமே இல்லை.

மிச்சம் இருந்தது பணக்காரர்கள் சந்தைதான். 2017-ல் வால்வோ வி90 கிராஸ் கன்ட்ரி, 2018-ல் மெர்சிடீஸ் ஈ-கிளாஸ் ஆல்-டெரைன் வந்தன. இரண்டும் டீசல், இரண்டும் ஆட்டோமேட்டிக். விலை அரைக் கோடிக்கு மேல். வால்வோ 2024-ல் உலகம் முழுக்கவே டீசல் கார் தயாரிப்பை நிறுத்திவிட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் 4 மீட்டரைத் தாண்டிய பெட்ரோல், டீசல் கார்களுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். ஆக, அந்த 4 மீட்டர் கோடு இன்னமும் அழியவில்லை.

பணமா, காரா?

வணிகவியல் படிப்பவர்களுக்குப் பிடித்த இடம் இது. 1961 வருமான வரிச் சட்டத்தின் கீழ் இருந்த மூன்றாவது விதி ஒரு வேடிக்கையான விதி. கம்பெனி காரை ஆபீஸ் வேலைக்கும் சொந்த வேலைக்கும் சேர்த்துப் பயன்படுத்தினால், அந்தச் சலுகையின் மதிப்பு மாதம் இவ்வளவு என்று அரசே முடிவு செய்துவிட்டது. இன்ஜின் 1.6 லிட்டருக்குள் என்றால் 1,800 ரூபாய். அதற்கு மேல் என்றால் 2,400 ரூபாய். டிரைவர் இருந்தால் கூடுதலாக 900 ரூபாய். இது கம்பெனியே டீசல், ரிப்பேர் செலவையும் ஏற்கும்போது உள்ள கணக்கு. கார் 6 லட்சமா 60 லட்சமா என்று விதி கேட்கவே இல்லை!

நம் அதிகாரிக்கு வந்த வண்டி 2 லிட்டர் ரகம். 30 சதவீத வரி, அதன்மேல் 4 சதவீத செஸ் சேர்த்தால் 31.2 சதவீதம். கணக்கைப் பாருங்கள்.

கார் மட்டும்: 2,400 x 12 = 28,800. இதற்கு வரி சுமார் 8,986 ரூபாய்.

கார், டிரைவர் இரண்டும்: 3,300 x 12 = 39,600. வரி சுமார் 12,355 ரூபாய்.

அதற்குப் பதிலாக மாதம் 30,000 ரூபாய் அலவன்ஸாக வாங்கினால் வருஷத்துக்கு 3,60,000. இதில் வரியாக மட்டும் 1,12,320 ரூபாய் போய்விடும். மிச்சம் இருக்கும் 2,47,680-ல் கார் வாங்கி, டீசல் போட்டு, இன்ஷூரன்ஸ் கட்டி... முடிகிற காரியமா?

இங்கிலாந்தில் இப்படி இல்லை. அங்கே விற்பனைப் பிரதிநிதிகளுக்கு டீசல் எஸ்டேட் என்பது சாதாரண கம்பெனி காராக இருந்த காலம் உண்டு. ஆனால் 2002 முதல் காரின் பட்டியல் விலையில் இத்தனை சதவீதம் என்று, வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடு அளவைப் பொறுத்து வரிக்கணக்கு ஏறும். டீசலுக்குத் தனியாக ஒரு கூடுதல் வேறு. அங்கே என்ன இன்ஜின், என்ன கியர்பாக்ஸ் என்பது சம்பளச் சீட்டிலேயே தெரியும். நம்மூரில் அது டீசல் பில்லில்தான் தெரியும், அந்தப் பில்லையும் கம்பெனி கட்டிவிடும்.

அம்மாவின் முழங்கால்

கணக்கு இவ்வளவு தெளிவாக இருந்தும் அவர் யோசித்தார். ஆனால் முடிவு செய்ததற்குக் காரணம் வரி அல்ல, அவருடைய அம்மா. அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. மாதம் இரண்டு முறை தஞ்சாவூரில் டாக்டரைப் பார்க்க வேண்டும். உயரமான எஸ்யூவி என்றால் ஏற முடியாது, இரண்டு பேர் தூக்கிவிட வேண்டும். சாதாரண காரில் உட்காரலாம், ஆனால் சக்கர நாற்காலி டிக்கியில் அடங்காது, கயிறு போட்டுக் கட்ட வேண்டும். இந்த வண்டியில் சீட் தாழ்வு, பின்கதவைத் திறந்தால் நாற்காலி மடக்கி அப்படியே உள்ளே போய்விடுகிறது. எஸ்டேட்டின் அருமையை அந்தக் குடும்பம் புரிந்துகொண்டது அந்த ஒரு நாளில்தான்.

ஆட்டோமேட்டிக்கும் உதவிதான். திருமானூர் வரை லாரிக்குப் பின்னால் ஊர்ந்து போகும்போது கிளட்ச்சை மிதித்து மிதித்து இடது கால் ஓய்ந்துவிடும். டீசல் இன்ஜினுக்குக் குறைந்த சுற்றிலேயே இழுவை அதிகம் என்பதால், லாரியைத் தாண்டும்போது ஆக்ஸிலேட்டரைத் தொட்டால் போதும். (ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்த பிறகான டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. வீட்டிலிருந்து ஆலைக்கு, ஆலையிலிருந்து வீட்டுக்கு என்று குட்டிக் குட்டியாக ஓட்டினால் அது அடைத்துக்கொள்ளும். அவ்வப்போது நெடுஞ்சாலையில் நிதானமான வேகத்தில் அரை மணி நேரம் ஓட வேண்டும். சிமெண்ட் தூசியில் ஏர் ஃபில்டரையும் அடிக்கடி பார்க்க வேண்டும்.)

அப்போ நான் எதுக்கு சார்?

அவருடைய பழைய கம்பெனி காரை ஒரு டிரைவர் பதினோரு வருஷமாக ஓட்டிக்கொண்டிருந்தார். அதிகாரியைவிட மூன்று வயது மூத்தவர். கடிதத்தின் கடைசிப் பத்தியில் ஒரு வரி இருந்தது: வண்டி ஆட்டோமேட்டிக் என்பதால் தனி டிரைவர் தேவைப்படாது எனக் கருதப்படுகிறது.

விஷயம் டிரைவர் காதுக்கு எப்படியோ போய்விட்டது. மறுநாள் காலை கதவைத் திறந்துவிட்டு, "கியரே இல்லாத வண்டியாமே. அப்போ நான் எதுக்கு சார்?" என்றார்.

"யாருண்ணே சொன்னது?" என்று மட்டும் கேட்டுவிட்டு அவர் ஏறி உட்கார்ந்தார். அரியலூர் வரை இருவரும் பேசவில்லை.

கருதப்படுகிறது! யார் கருதுகிறார்கள்? கியர் மாற்றுவது மட்டும்தான் டிரைவர் வேலையா? தஞ்சாவூர் ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்த இடம் கிடைக்காது. மகன் அம்மாவை உள்ளே அழைத்துப் போக வேண்டும், இன்னொருவர் வண்டியோடு இருக்க வேண்டும். ராத்திரி ஷிஃப்ட் முடிந்து கண்ணைச் சுழற்றிக்கொண்டு வரும்போது எந்த ஆட்டோமேட்டிக்கும் தானாக வீட்டில் கொண்டுபோய் விடாது.

அவர் பதில் எழுதினார். வண்டியை எடுத்துக்கொள்கிறேன், டிரைவரும் தொடர வேண்டும், டிரைவருக்கான 900 ரூபாயையும் என் சம்பளத்தில் சலுகையாகச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று. 900 x 12 = 10,800. அதற்கு வரி சுமார் 3,370 ரூபாய். ஒரு மனிதர் வேலையில் இருப்பதற்காக அவர் கையிலிருந்து போவது வருஷத்துக்கு அவ்வளவுதான். ஆனால் கம்பெனிக்கு அது முழுச் சம்பளம், பிஎஃப், போனஸ். அதனால் கம்பெனி யோசித்தது. ஒரு மாதம் கழித்து, "ஒரு வருடத்துக்கு மட்டும், பிறகு மறுபரிசீலனை" என்று பதில் வந்தது.

அந்த டிரைவர் இரண்டே நாளில் ஆட்டோமேட்டிக் பழகிவிட்டார். முதல் நாள் மட்டும் இடது கால் கிளட்ச்சைத் தேடி பிரேக்கை அழுத்தியதாம். அவ்வளவுதான். ஆனால் ஒவ்வொரு மார்ச் மாதமும் அவர் வீட்டில் என்ன பேசிக்கொள்வார்கள் என்பதை எந்தப் பேலன்ஸ் ஷீட்டிலும் பார்க்க முடியாது.

ஒரே கார், இரண்டு விலை

இன்னொரு வேடிக்கை. அந்தப் பெரிய அதிகாரி ஓய்வு பெறும்போது ஏன் காரைத் தானே வாங்கிக்கொள்ளவில்லை? விலை 60 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். ஊழியருக்குக் காரை விற்கும்போது, முடிந்த ஒவ்வொரு வருஷத்துக்கும் குறைந்துவரும் மதிப்பில் 20 சதவீதம் கழிக்க வேண்டும். ஆறு வருஷத்தில் அது சுமார் 15.73 லட்சம். அதற்குக் குறைவாகக் கொடுத்து வாங்கினால் வித்தியாசத்துக்கு வரி. ஆனால் கம்பெனியின் வரிக்கணக்கில் தேய்மானம் 15 சதவீதம்தான். அங்கே அதே கார் சுமார் 22.63 லட்சமாக நிற்கும். ஒரே வண்டி, ஒரே சட்டம், இரண்டு மதிப்பு. வெளியே விற்கப் போனாலோ எஸ்டேட் என்றதும் கேட்க ஆளில்லை. கீழப்பழுவூருக்கு அந்த வண்டி வந்து சேர்ந்த கதை இதுதான்.

2025 வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்திருப்பதால், மேலே உள்ள தொகைகளைப் பழைய சட்டக் காலத்து உதாரணமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். கணக்குப் போடும் முறை மட்டும் மனதில் இருக்கட்டும்.

நாளைக்கு உங்களுக்கும் ஒரு கம்பெனி இப்படிக் கடிதம் கொடுக்கலாம். கையெழுத்துப் போடும் முன் மூன்று விஷயம் பாருங்கள். இன்ஜின் எத்தனை சிசி, ஓட்டச் செலவு யாருடையது, விலகும்போது வண்டி யாருக்கு. அப்புறம் கடைசிப் பத்தியை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். யாருடைய வேலையாவது அதில் ஒரே வரியில் முடிந்துபோயிருக்கலாம்.