மாத்திரை மறக்காத அக்கா

சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலில் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தைக் கேட்கவே வேண்டாம். மாவிளக்கு போட உட்கார்ந்திருந்தபோது, பக்கத்திலிருந்த அக்காவின் செல்போன் மணி அடித்தது. எடுத்துப் பேசவில்லை. பையிலிருந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டார்.

"அலாரம் தங்கச்சி. எங்கம்மா குடுத்த கிட்னி. ஆறு வருஷமா ஒரு வேளை தப்பினதில்ல."

பேச்சு வளர்ந்தது. குரலைத் தாழ்த்தினார். தூரமாகாத நாட்களிலும் ரத்தம் பட்டிருக்கிறது. மூன்று மாதம் யாரிடமும் சொல்லவில்லை.

"கிட்னி டாக்டர் ஆம்பளை. அவருகிட்ட எப்படிச் சொல்றது? சொன்னா மாத்திரைய நிறுத்திடுவாங்களோன்னு வேற பயம்."

நீங்களாக இருந்தாலும் தயங்கியிருப்பீர்கள்தானே?

மாற்றிய உறுப்பை நம் உடம்பு அந்நியனென்று விரட்டும். விரட்டாமலிருக்க, எதிர்ப்பு சக்தியை மாத்திரையால் அடக்கி வைக்கிறார்கள். காவல்காரன் அசந்தால் வேறு சிலதும் உள்ளே தங்கிவிடுமே! அதில் ஒன்று ஹெச்.பி.வி. வைரஸ். பெரும்பாலானவர்களுக்கு ஓரிரு வருடத்தில் தானாகவே போய்விடும். இவர்களுக்குப் போகாமல் தங்கினால், கர்ப்பப்பை வாயிலும் பிறப்புறுப்பிலும் புற்றுநோய் வரும் வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது. மார்பகப் புற்றுநோய் அப்படி இல்லை. மற்ற பெண்களுக்கு உள்ள அளவுதான். அதற்காக வழக்கமான பரிசோதனையை விடக் கூடாது.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு இந்த வைரஸ்தான் காரணம் என்று கண்டறிந்த ஹெரால்ட் சூர் ஹாசனுக்கு 2008-ல் நோபல் பரிசு கிடைத்தது. அதே 2008-ல்தான் திருக்கழுக்குன்றம் ஹிதேந்திரனின் பெற்றோர் மகனின் உறுப்புகளைத் தானம் தந்து தமிழ்நாட்டையே உலுக்கினார்கள். உறுப்பு தானம் பற்றி அன்றிலிருந்து ஊரெல்லாம் பேசுகிறோம். உறுப்பு வாங்கிய பெண்ணின் கர்ப்பப்பை பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை.

அக்கா கடைசியில் ஒரு நர்ஸம்மாவிடம் சொல்லி அழுதிருக்கிறார். பரிசோதித்ததில், புற்றுநோயாக மாறுவதற்கு முந்தைய கட்டம். சின்ன சிகிச்சையில் அகற்றிவிட்டார்கள். அம்மா தந்த கிட்னியும் பத்திரம்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ உறுப்பு மாற்றிக்கொண்ட பெண் இருக்கிறாரா? மூன்று விஷயம் சொல்லுங்கள். பயந்து மாத்திரையை நிறுத்தக் கூடாது. தொந்தரவு இல்லாவிட்டாலும், டாக்டர் சொல்லும் இடைவெளியில் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்பவராக இருந்தால், ஹெச்.பி.வி. தடுப்பூசி தனக்கு உண்டா என்று முன்பே கேட்க வேண்டும்.

"வெக்கப்பட்டு மூணு மாசத்த வீணாக்கிட்டேன் தங்கச்சி" என்று சொல்லிக்கொண்டே அக்கா விளக்கை ஏற்றினார்.

அந்த மூன்று மாதம் இன்னொருத்திக்கு வீணாக வேண்டாம்.