காற்றை அடித்த கைகள்



இந்த வாரத் தியானத்தை ஓர் ஒப்புக்கொள்ளுதலோடு தொடங்குகிறேன். ஐம்பது வயதைக் கடந்த ஒரு போதகன், ஞாயிறு ஆராதனை முடிந்து வந்த அன்றே, தன் மகனோடு தரையில் அமர்ந்து வீடியோ விளையாட்டில் சண்டையிட்டான். மூன்று ஆட்டங்களிலும் தோற்றான். அந்தப் போதகன் நான்தான்.

என் மகன் துபாயில் வேலை செய்கிறான். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்தபோது விளையாட்டு கன்சோல் ஒன்றையும் கொண்டுவந்திருந்தான். அன்று பிற்பகல் தக்கலைப் பக்கம் நல்ல மழை. போதகர் இல்லத்தின் முன்னறையிலிருந்து ஓர் இசை கேட்டது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கேட்டிராத இசை. என் கால்கள் அங்கேயே நின்றுவிட்டன.

அது 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2'. ஜப்பானின் காப்காம் நிறுவனம் 1991-இல் விளையாட்டுக் கூடங்களுக்கென வெளியிட்டது. அடுத்த ஆண்டே சூப்பர் நின்டெண்டோ வழியாக வீடுகளுக்குள்ளும் நுழைந்தது. ஆடுவோர் தெரிந்துகொள்ள எட்டு வீரர்கள். மூன்று குத்துகள், மூன்று உதைகள் என ஆறு பொத்தான்கள். மூன்று சுற்றுகளில் இரண்டை வெல்பவரே வெற்றியாளர். 2018-இல் காப்காம் இந்த வரிசையின் பழைய விளையாட்டுகள் பன்னிரண்டை ஒரே தொகுப்பாக்கி வெளியிட்டது. என் மகன் ஆடிக்கொண்டிருந்தது அதைத்தான்.

அவன் ரியூ என்னும் வீரனை எடுத்திருந்தான். எதிரே கணினி இயக்கிய அமெரிக்கப் படைவீரன் கைல். மகன் ஒவ்வொரு முறையும் தாவிப் பாய்ந்தான். குனிந்திருந்த கைல் ஒவ்வொரு முறையும் அவனை உதைத்து வீழ்த்தினான். என் வாய் என்னை மீறிப் பேசிவிட்டது: "அப்படித் தாவாதே மக்கா. குனிந்து இருக்கிறவன் சும்மா இருக்கவில்லை, அவன் காத்துக்கொண்டிருக்கிறான்."

மகன் ஆட்டத்தை நிறுத்தித் திரும்பினான். "அப்பாவுக்கு இது எப்படித் தெரியும்?"

வாசகர்களே, அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் நான் இருபது ஆண்டுகள் வாழ்ந்திருந்தேன்.

அவனுக்குப் பத்து வயதிருக்கும்போது, குவைத்திலிருந்து வந்த அவன் மாமா பழைய விளையாட்டுப் பெட்டி ஒன்றைக் கொடுத்தார். நான் அதைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அந்த ஞாயிறு பிரசங்க பீடத்தில் நின்று, பிள்ளைகளின் நேரத்தைத் திருடும் பிசாசின் கண்ணிகளைப் பற்றிப் பேசினேன். என் மகனையே உதாரணமாகக் காட்டினேன். ஓய்வுநாள் பாடசாலைப் பிள்ளைகளின் வரிசையில் அவன் தலைகுனிந்து அமர்ந்திருந்தது பீடத்திலிருந்து எனக்கு நன்றாகத் தெரிந்தது. சபையார் பலர் அந்தப் பிரசங்கத்தைப் பாராட்டினார்கள். அதற்குப் பின் அவன் என்னிடம் தேவைக்கு மேல் ஒரு சொல்லும் பேசியதில்லை.

நான் சொல்லாமல் மறைத்தது இது. 1993-ஆம் ஆண்டு கோடை விடுமுறை. நான் இறையியல் மாணவன். என் தகப்பனார் அருமனைப் பக்கத்தில் ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. விடியுமுன் தலைவிளக்கோடு தோட்டத்துக்குப் போய்ச் சேர்த்த பணத்தில், புதிய ஏற்பாட்டுக் கிரேக்க அகராதி வாங்கும்படி எனக்கு இருநூறு ரூபாய் கொடுத்தார். நாகர்கோவில் வந்து இறங்கினேன். வடசேரியில் ஒரு சிறிய கடை. உள்ளே இருட்டு, இரைச்சல், இளைஞர் கூட்டம். ஒரு ரூபாய்க்கு ஓர் ஆட்டம். தோற்றால் திரையில் வீங்கிய முகம் தோன்றும். தொடர்கிறாயா என்று எண்ணிக்கை இறங்கும். அடுத்த நாணயத்துக்குக் கை தானாகப் பைக்குள் போகும். மூன்று வாரத்தில் பணம் தீர்ந்தது. புத்தகம் கிடைக்கவில்லை என்று தகப்பனாரிடம் சொன்னேன். "போகட்டும், அடுத்த தடவை பார்க்கலாம்" என்றார். உண்மையை அறியாமலே அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

ஆகவே, அன்று நான் மகனிடமிருந்து பிடுங்கியது அவனுடைய பெட்டியை அன்று, என்னுடைய நினைவை. எனக்குள் தண்டிக்கப்படாமல் கிடந்த ஒன்றை, ஒரு பத்து வயதுப் பிள்ளையின் மேல் தண்டித்தேன்.

மழை பெய்துகொண்டிருந்தது. நான் கன்ட்ரோலரைக் கையில் வாங்கினேன். கடையில் பழகியது நின்றபடி பிடிக்கும் கைப்பிடி. இதுவோ கட்டைவிரலால் அழுத்துவது. கீழே, சாய்வாக, முன்னே, உடனே குத்து என்ற அந்த வரிசை மனதில் இருந்தது, விரலில் இல்லை. நான் தெரிந்துகொண்டது தால்சிம். எட்டுப் பேரில் நம் நாட்டவன். கழுத்தில் மண்டையோடுகள், வாயில் நெருப்பு, பின்னணியில் யானைகள் என ஜப்பானியக் கற்பனையில் பிறந்த இந்தியன். நெடுந்தூரத்திலிருந்தே கை நீண்டு அடிக்கும். எதிரி நெருங்கிவிட்டால் திணறிப்போவான். அன்றும் அவனைத்தான் ஆடுவேன். தகப்பனாகவும் நான் அப்படித்தான் இருந்திருக்கிறேன். பீடத்திலிருந்து என் கை எவ்வளவு தூரமும் நீண்டது. ஆனால் மகன் அருகில் வந்து அமர்ந்தபோதெல்லாம் எனக்குச் சொல் வரவில்லை.

இரண்டாம் ஆட்டத்தின் நடுவில், திரையைப் பார்த்தபடியே, அகராதிப் பணத்தின் கதையை அவனிடம் சொன்னேன். பிறகு, "உன்னைச் சபை முன்னால் வைத்துப் பேசியது தவறு மக்கா. என்னை மன்னித்துவிடு" என்றேன். அவன் வெகுநேரம் பேசவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. "தாத்தாவிடம் சொல்லியிருக்கலாம் அப்பா" என்றான். சற்றுப் பொறுத்து, "இன்னொரு ஆட்டம் போடலாமா?" என்று கேட்டான். நாணயம் எதுவும் தேவைப்படவில்லை. பொத்தானை அழுத்தினால் போதுமாயிருந்தது. கடைக்கும் வீட்டுக்கும் உள்ள வேறுபாடு அதுவே என்று அப்போது தோன்றியது.

கொரிந்து பட்டணத்தின் அருகே இரண்டாண்டுக்கு ஒருமுறை பெரிய விளையாட்டுப் போட்டிகள் நடந்தன. அந்த மக்களுக்கு எழுதும்போதுதான் பவுல், தான் காற்றை அடிக்கிறவனைப் போலச் சண்டையிடுவதில்லை என்கிறார் (1 கொரிந்தியர் 9:26). அங்கே அவர் கையாளும் 'புக்தெயூவோ' என்ற கிரேக்கச் சொல்லுக்குக் குத்துச்சண்டை செய்தல் என்று பொருள். நான் வாங்காமல் விட்ட அகராதியில் அந்தச் சொல்லும் இருந்திருக்கும். அடுத்த வசனத்தில், தன் சரீரத்தையே அடக்கிக் கீழ்ப்படுத்துவதாக அவர் எழுதுகிறார். மற்றவர்களுக்குப் பிரசங்கித்துவிட்டுத் தானே தள்ளுண்டு போகலாகாது என்பது அவருடைய அச்சம். அவர் குத்து விழுந்த இடம் அடுத்தவனுடைய முகமன்று. நான் பல ஆண்டுகள் சரியான எதிரியை விட்டுவிட்டுப் பிள்ளையை அடித்தேன்.

பெற்றோரே, விளையாட்டுகளுக்கு அளவு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நேரமும் பணமும் எப்படிக் கரைகின்றன என்பதை வடசேரியில் கற்றவன் நான். ஆனால், பிள்ளையைக் கண்டிக்க எழும்புமுன், இந்தக் கோபம் யார்மேல் என்று உங்களையே ஒருமுறை கேளுங்கள். பிள்ளைகள் மனம் சோர்ந்துபோகும்படி அவர்களை எரிச்சல்படுத்த வேண்டாம் என்று கொலோசெயர் 3:21 தகப்பன்மாரைத்தான் எச்சரிக்கிறது. உங்கள் வாலிபத்தின் தோல்வியை அவர்களிடம் சொல்லுங்கள். சொன்னால் மதிப்பு குறைந்துபோகும் என்றுதான் நானும் பயந்தேன்.

மகன் ஜனவரியில் துபாய்க்குத் திரும்பினான். கன்சோலை இங்கேயே விட்டுச் சென்றிருக்கிறான். "பழகி வையுங்கள் அப்பா" என்றான். அலமாரியில் அதற்கு இடம் ஒதுக்கியிருக்கிறேன், பூட்டுவதில்லை.

ஜெபம்: பரலோகத் தகப்பனே, பிறரிடம் காணும் குற்றத்தை முதலில் எங்களிடம் காண எங்களுக்குக் கண்களைத் தாரும். எங்கள் பிள்ளைகளின் அருகில் அமரும் தாழ்மையைத் தாரும். ஆமென்.