வலிக்காத வாள்... ஆனால், பொய் சொல்லாத கை வேண்டும்!

தூரத்திலிருந்து பார்த்தால் அசல் இரும்பு வாள். தோல் சுற்றிய கைப்பிடி, பளபளக்கும் விளிம்பு, அங்கங்கே துருவின் நிறம். கையில் எடுத்து அழுத்தினால், தலையணை மாதிரி அமுங்கும்! 'லார்ப்' விளையாட்டின் வாள் இதுதான்.

லைவ் ஆக்‌ஷன் ரோல் பிளேயிங் என்பதன் சுருக்கமே லார்ப். அரசன், திருடன், மந்திரவாதி என வேடமிட்டு, காட்டிலோ கோட்டையிலோ ஒரு கதைக்குள் வாழ்ந்துவிட்டு வருவது. மனப்பாட வசனம் கிடையாது. விளையாடுபவர்களே நடிகர்கள், அவர்களே ரசிகர்கள். இங்கிலாந்தில் இதற்குப் பிள்ளையார் சுழி போட்டது, 1982-ல் செஷையரின் பெக்ஃபோர்டன் கோட்டையில் தொடங்கிய 'ட்ரெஷர் ட்ராப்'. இன்று ஜெர்மனியில் கோடைக்காலத்தில் நடக்கும் பெரிய விளையாட்டுகளில் ஆயிரக்கணக்கானோர் ஒரே களத்தில் மோதுகிறார்கள்.

இத்தனை வாள்கள் வீசப்பட்டும் எல்லோரும் பத்திரமாக வீடு திரும்புவது எப்படி?

பாதி பதில், வாளுக்குள்ளேயே இருக்கிறது. நடுவில் ஃபைபர் கிளாஸ் கம்பி. அது முனை வரை போகாது. சற்று முன்பே நின்றுவிடும். கம்பியின் நுனி ஃபோமைக் கிழித்துக்கொண்டு வெளியே வராமலிருக்க, தோல் துண்டு போன்ற ஏதாவதொரு மூடி போடுவார்கள். கம்பியைச் சுற்றி ஃபோம் தகடுகளை ஒட்டி, வாள் வடிவத்தில் செதுக்குவார்கள். அதன் மேல் லேடெக்ஸ் பூச்சு. ரப்பர் மரத்தில் வடியும் பால்தான் இந்த லேடெக்ஸ். ஒரு பூச்சு காய்ந்த பிறகு அடுத்தது எனப் பல முறை பூசி, வண்ணம் தீட்டினால் வாள் ரெடி!

பராமரிப்பும் முக்கியம். வெயிலில் போட்டால் லேடெக்ஸ் பாழாகிவிடும். முனை தரையில் பட நிறுத்தி வைத்தால் உள்ளே கம்பி ஃபோமைத் துளைக்கலாம். லேடெக்ஸ் அலர்ஜி உள்ளவர்கள் தொடும் முன் யோசிக்க வேண்டும்.

மீதி பதில், வீசும் கையில் இருக்கிறது. எவ்வளவு ஆவேசமாக ஓங்கினாலும், உடம்பில் படும்போது வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். குத்துவதற்கென்றே செய்யப்படாத வாளால் குத்தக் கூடாது. பல விளையாட்டுகளில் தலையில் அடிக்கவும் தடை. களமிறங்கும் முன் ஆயுதப் பரிசோதனை உண்டு. வளைத்துப் பார்ப்பார்கள், முனையை அழுத்துவார்கள், விரிசல் தேடுவார்கள். பழுதிருந்தால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய வாளாக இருந்தாலும் ஓரங்கட்டிவிடுவார்கள்.

சரி, வலிக்காத வாளால் வெட்டுப்பட்டதை யார் சொல்வது? பெரும்பாலும் அம்பயர் கிடையாது. வெட்டுப்பட்டவரே ஒப்புக்கொண்டு விழ வேண்டும். 'எனக்குப் படவே இல்லையே' என்று நின்றால் நிரூபிக்க வழியில்லை. காயம் ஏதும் இருக்காதே! அப்படி நாலு பேர் நின்றுவிட்டால், மற்றவர்கள் பலமாக அடிக்கத் தொடங்குவார்கள். ஃபோம் வாளும் அப்போது வலிக்கும். அடிப்பவரின் கையை ஒருவர் நம்புகிறார். அடிபட்டவரின் வாயை மற்றவர் நம்புகிறார். ஒன்று போனால் இன்னொன்றும் போய்விடும்.

பிரிட்டன் களங்களில் ஒரு வழக்கம் உண்டு. யாருக்காவது நிஜமாகவே அடிபட்டால், 'மேன் டவுன்' என்று குரல் கொடுப்பார்கள். அதைக் கேட்டதும் சுற்றியிருப்பவர்கள் விளையாட்டை நிறுத்திவிட வேண்டும். அப்போது அங்கே அரசனும் இல்லை, எதிரியும் இல்லை. விழுந்தவருக்கு உதவி கிடைத்த பிறகுதான் போர் தொடரும்.